போட்டோ எடுத்தா மறந்துடுது... வரைஞ்சு பாருங்க!

உங்க போன் கேலரியில எத்தனை போட்டோ இருக்கு? போன வருஷம் நீங்க போன ஒரு இடத்தை, போனைத் திறக்காம விவரிக்க முடியுமா? கொஞ்சம் கஷ்டம்தான், இல்லையா?

அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-ல வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் சொல்லுது. மியூசியத்தில் வெறுமனே பார்த்த பொருட்களைவிட, போட்டோ எடுத்த பொருட்கள்தான் மாணவர்களுக்குக் குறைவா நினைவில் இருந்திருக்கு. 'கேமரா பார்த்துக்கும்'னு மூளை கையைக் கழுவிடுது!

இதுக்கு நேர் எதிரான ஒரு பழக்கம்தான் 'அர்பன் ஸ்கெட்சிங்'. அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் வசிச்ச பத்திரிகையாளர், ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007-ல ஆன்லைன்ல தொடங்கின குழு இது. இன்னைக்கு உலகம் முழுக்கப் பல நகரங்கள்ல இருக்கு. முக்கியமான விதி ஒண்ணுதான்: போட்டோவைப் பார்த்து வரையக் கூடாது, நேர்ல உட்கார்ந்து வரையணும்.

சியாட்டிலில் இதுக்கு ஏத்த மாசம் செப்டம்பர். கோடை வெயில் தணிஞ்சிருக்கும், இலையுதிர்கால மழை இன்னும் வலுத்திருக்காது. பகல்ல சுமார் 20 டிகிரிதான். இன்னொரு காரணம், நிழல். ஜூன்ல 10 அடி கம்பத்தோட நண்பகல் நிழல் அங்கே சுமார் நாலரை அடி. செப்டம்பர் கடைசியில சூரியன் தாழ்வா வர்றதால அதே நிழல் 11 அடி ஆகிடும். ஏரிக்கரையில இருக்கிற கேஸ் வொர்க்ஸ் பூங்காவின் பழைய துருப்பிடிச்ச கோபுரங்கள் அந்த வெளிச்சத்துல வரையறதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்.

ஆனா நிழல் நிக்காது, நகர்ந்துட்டே இருக்கும். அதனால முதல் அஞ்சு நிமிஷத்திலேயே நிழலோட எல்லையைக் கோடு போட்டு வெச்சுக்கணும். விவரங்களை அப்புறம் நிதானமா வரையலாம்.

சரி, எதுக்குக் குழுவா போகணும்? தனியா உட்கார்ந்து வரைஞ்சா, போறவங்க வர்றவங்க எட்டிப் பார்ப்பாங்களேன்னு கூச்சமா இருக்கும். பத்துப் பேரோட உட்கார்ந்தா அந்தக் கூச்சம் பாதி குறைஞ்சிடும். ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு எல்லாரும் நோட்டுகளைத் தரையில வரிசையா விரிச்சு வைப்பாங்க. ஒருத்தர் கோபுரத்தை வரைஞ்சிருப்பார், இன்னொருத்தர் அதோட துருவை மட்டும். ஒரே இடம், பத்துப் பார்வை. இங்கே மார்க் போட யாரும் இல்லை.

"எனக்கு வரையவே வராதே..."ங்கறீங்களா? கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்வு 2016-ல வெளிவந்துச்சு. வார்த்தைகளை எழுதினதைவிட, அதையே படமா வரைஞ்சப்போ நல்லா ஞாபகம் இருந்திருக்கு. வெறும் 4 விநாடி கிறுக்கினாலும் பலன் கிடைச்சது. படம் எவ்வளவு அழகா இருக்குங்கறது முக்கியமாவே இல்லை!

அதனால ஒரு பால்பாயின்ட் பேனா, கோடு போடாத நோட்டு, ரெண்டு நண்பர்கள் போதும். ரப்பர் வேண்டாம். அடுத்த ஞாயிறு எங்கே உட்காரப் போறீங்க?