கோவையில் கை, கோத்தகிரியில் சுட்டி

ஐப்பசி மாதத்து மாலை நேரம். கோத்தகிரியிலிருந்து பெரியப்பா தொலைபேசியில் அழைத்தார்.

"கண்ணு, கம்ப்யூட்டர் திரை முழுக்கச் சிவப்பா எழுத்து வருது. வைரஸ் புகுந்திருச்சாம். ஒரு நம்பரைக் குடுத்து உடனே கூப்பிடச் சொல்லுது. கூப்பிடட்டுமா?"

"வேண்டாங்க பெரியப்பா. எதையும் தொடாதீங்க" என்றேன்.

நான் இருப்பதோ கோவையில். வெளியே நல்ல மழை. மேட்டுப்பாளையத்துக்கு மேல் முப்பது கிலோமீட்டருக்கு அதிகமான மலைப்பாதை வேறு. ஆயினும் நாற்காலியை விட்டு எழாமலேயே, அரை மணி நேரத்தில் அவருடைய கணிப்பொறியைச் சரிசெய்துவிட்டேன். இஃது எங்ஙனம் இயன்றது?

தொலைவிலிருந்து கணிப்பொறியை இயக்குவது புதிய எண்ணம் அன்று. 1940 செப்டம்பரில் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் டார்ட்மத் கல்லூரியில் கூடியிருந்த கணித அறிஞர்களுக்கு இதைச் செய்து காட்டினார். அங்கிருந்த டெலிபிரிண்டரில் கலப்பெண் கணக்குகளைத் தட்டினார்கள். நியூயார்க்கில் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த பொறி விடையைக் கம்பி வழியே திருப்பி அனுப்பியது. அன்று சென்றவை எண்களும் எழுத்துகளும் மட்டுமே. இன்று திரையின் காட்சியே வந்து சேர வேண்டியிருக்கிறது.

சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரியப்பாவின் திரையில் கிடையாக 1366, நெடுக்காக 768, ஆக ஏறத்தாழப் பத்தரை இலட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் குறிக்க 24 பிட்டுகள் தேவை. வினாடிக்கு 20 முறை முழுத் திரையையும் அனுப்பினால் 50 கோடி பிட்டுகள்! அவர் வீட்டு இணைப்பின் திறனோ வினாடிக்கு 3 கோடிதான். ஆகவே நிரல் ஒரு தந்திரம் செய்கிறது. முன்பு அனுப்பிய காட்சியோடு இப்போதைய காட்சியை ஒப்பிட்டு, மாறிய பகுதிகளை மட்டும் சுருக்கி அனுப்புகிறது. மூலையிலுள்ள கடிகாரத்தில் ஓர் எண் மாறினால் அந்தச் சிறு கட்டம் மட்டுமே மலையிறங்கி வருகிறது. அவர் சினிமா பார்க்கும்போது முயன்றால் காட்சி திக்கித் திணறும்.

எதிர்த்திசையில் சுமை மிகக் குறைவு. கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடம் ஒன்றில் 1990களில் உருவான வி.என்.சி. முறையில், சுட்டியின் ஓர் அசைவைச் சொல்ல 6 பைட்டுகளும் ஒரு விசையைச் சொல்ல 8 பைட்டுகளும் போதும். பெரியப்பாவின் மேசைமேல் சுட்டி அசைவதில்லை; திரையில் அம்புக்குறி மட்டும் தானே நகர்கிறது. பேய் புகுந்ததோ என்று பெரியம்மா அஞ்சியதில் வியப்பில்லை.

வீட்டு இணைப்புகள் வெளியார் அழைப்பைப் பொதுவாக ஏற்பதில்லை. எனவே இருவர் கணிப்பொறிகளும் இடையிலுள்ள மூன்றாவது கணிப்பொறியை நாடுகின்றன. பெரியப்பா தொலைபேசியில் படித்துச் சொன்ன ஒன்பது இலக்க எண், அவருடைய பொறியை அதற்கு அடையாளம் காட்டுவது. அந்த இடைப்பொறி 3000 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து, எல்லாமே அதன் வழியாகச் சென்றால், என் கட்டளை போய்க் காட்சி திரும்ப 12,000 கிலோமீட்டர் ஆகிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 இலட்சம் கிலோமீட்டர். ஆக 0.06 வினாடிதான் தாமதம்.

கோளாறு என்னவோ அற்பமானது. ஏதோ ஒரு தளம் அறிவிப்புகள் அனுப்ப அனுமதி கேட்டிருக்கிறது. இவரும் "சரி" என்பதை அழுத்தியிருக்கிறார். அதன் வழியே வந்த போலி விளம்பரம்தான் அந்தச் சிவப்பெழுத்து. எஸ்கேப் விசையை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன்; திரை விடுபட்டது. பிறகு உள்ளே சென்று அனுமதியை நீக்கினேன். கிருமி எதுவும் இல்லை.

அந்த எண்ணை அவர் அழைத்திருந்தால்? மறுமுனையில் இருப்பவரும் இத்தகைய நிரலைத்தான் இறக்கச் சொல்லியிருப்பார். இதே ஒன்பது இலக்கங்களைத்தான் கேட்டிருப்பார். வந்த 6 பைட்டுகள் தம்பி மகனுடையவையா, திருடனுடையவையா என்று கணிப்பொறிக்குத் தெரியாது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இவ்வகை மோசடி பற்றி வங்கிகளை எச்சரித்தது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

எப்போது வேண்டுமானாலும் நான் நுழைய வசதியாக நிலையான கடவுச்சொல் ஒன்றை வைத்துவிடும்படி பெரியப்பா சொன்னார். நான் வைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவரே எண்ணைப் படிக்க வேண்டும், அவரே "அனுமதி" என்பதை அழுத்த வேண்டும். வேலை முடிந்ததும் நிரலை மூடினாரா என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த வாரமே மரம் விழுந்து இணைப்புக் கம்பி அறுந்தது. அதற்கு இந்த வித்தை உதவாது. லைன்மேன் வரும்வரை பெரியப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.