எலும்பினுள் ஒரு கைகாட்டி

பாண்டுப்பில் எங்கள் அண்டை வீட்டு அண்ணாச்சிக்குச் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரம் மும்முறை டயாலிசிஸ் நடைபெறுகிறது. ரத்தம் மிகக் குறைவு என்று அறிந்த மதினி, பேரீச்சம்பழமும் பீட்ரூட் சாறுமாக ஊட்டலானார். மருத்துவரோ உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார். "ரத்தம் ஊறும் பண்டத்தையா விலக்குவது?" என்று மதினி என்னிடம் வருந்தினார். ரயில்வே குமாஸ்தாவாகிய யான் விடை தேடி அறிந்ததை அன்பர்களுக்கு உரைக்கிறேன்.

சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். ஆதலால் எலும்பு மஜ்ஜை விநாடிதோறும் சுமார் 20 லட்சம் அணுக்களைப் புதிதாக ஆக்கவேண்டும். அதற்கான உத்தரவு சிறுநீரகத்திலிருந்தே பெரும்பாலும் புறப்படுகிறது. பிராணவாயு குறைந்தால் அது எரித்ரோபாய்ட்டின் என்னும் ஹார்மோனை அனுப்பும். 1977-இல் அமெரிக்க அறிஞர் கோல்ட்வாசர் குழுவினர் இதனைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க 2,550 லிட்டர் சிறுநீர் வேண்டியிருந்தது! கிடைத்ததோ சில மில்லிகிராமே.

உத்தரவு சொல்ல இந்த ஹார்மோன் அணுவினுள் நுழைவதில்லை; வெளிப்புறத்து ஏற்பியைப் பற்றுவதோடு சரி. ஏற்பியின் உட்புற வாலில் ஜாக்-2 என்னும் நொதி, அதாவது என்ஸைம், ஒட்டியிருக்கிறது. வெளியே ஹார்மோன் பற்றியதும், உள்ளே இரு ஜாக்-2 நொதிகள் ஒன்றன்மேலொன்று பாஸ்பேட் ஏற்றி விழித்தெழுகின்றன. பின்னர் ஏற்பியின் வாலிலும், அங்கு வந்து சேரும் ஸ்டாட்-5 என்னும் புரதத்திலும் அதே முத்திரை விழும். முத்திரை பெற்ற ஸ்டாட்-5 உட்கருவுக்குச் சென்று, அணு மடியாமல் வளர்வதற்குரிய மரபணுக்களை இயக்குகிறது. கேபினில் நெம்புகோலை இழுக்க, கம்பி வழியே தொலைவில் கைகாட்டி இறங்குவதைப் போன்றதே இது. உத்தரவு வராவிடில் இளம் அணுக்கள் முதிருமுன்னரே மடியும்.

கைகாட்டி இறங்கியபடியே சிக்கிக்கொள்வதும் உண்டு. ஜாக்-2-இன் 617-ஆம் இடத்தில் ஒரே அமினோ அமிலம் மாறிவிட்டால், நொதி உத்தரவின்றியே ஓயாது இயங்கும், ரத்தம் தடித்துவிடும். 2005-இல் இதைக் கண்டறிந்தனர்.

அன்றைய பம்பாயில் 1928 முதல் லூசி வில்ஸ் அம்மையார் கர்ப்பிணிகளின் சோகையை ஆராய்ந்து, அதனை ஈஸ்ட் சாறு தீர்க்கக் கண்டார். அதிலிருந்த சத்து போலிக் அமிலம் எனப் பின்னர் தெரிந்தது. அது சரக்குக் குறைவால் வந்த சோகை. அண்ணாச்சியினுடையதோ பெரும்பாலும் உத்தரவுக் குறைவு. அன்றியும், பேரீச்சையிலும் பீட்ரூட்டிலும் மிகுந்துள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகம் வெளியேற்றாது; அது மிகுந்தால் இதயமே நின்றுவிடக்கூடும். இதை உரைத்ததும் மதினி அழுதேவிட்டார்.

இப்போது ஹார்மோனை ஊசியாகவும், இரும்பை அளவறிந்தும் அண்ணாச்சிக்குத் தருகின்றனர். ஊசி மருந்தைக் குளிரில் வைக்கவேண்டும், ஆனால் உறையவிடலாகாது. அவர்கள் வீட்டில் குளிர்ப்பெட்டி இல்லை. எங்கள் பெட்டியின் நடுத்தட்டில், தயிர்ச் சட்டிக்கு அருகே, அது இருக்கிறது.