கொடி மாறிய ஓட்டக்காரர்

ஒரு நாட்டிற்காக ஓடிய வீரர், சில ஆண்டுகள் கழித்து வேறொரு நாட்டின் சட்டையோடு திடலில் வந்து நின்றால், "எவ்வளவு பணம் கொடுத்தார்களாம்?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பணத்துக்காகப் போனவர்களும் உண்டு; மறுப்பதற்கில்லை. ஆனால், பிரான்சிஸ் ஒபிக்வேலுவின் கதை வேறு.

இவர் 1978-ஆம் ஆண்டு நைஜீரியாவின் ஒனிட்சா நகரில் பிறந்தவர். 1994-இல் உலக இளையோர் தடகளப் போட்டிக்காக லிஸ்பன் நகருக்கு வந்தார். லிஸ்பன், போர்த்துகல் நாட்டின் தலைநகரம். 1511-இல் நம் மலாக்காவைப் பிடித்தார்களே, அந்தப் போர்த்துகீசியரின் நாடுதான். போட்டி முடிந்தும் இவர் ஊர் திரும்பவில்லை. அப்போது பதினாறு வயதுகூட நிரம்பவில்லை!

அங்கிருந்த பெரிய விளையாட்டுச் சங்கங்களில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகத் தெற்கே அல்கார்வே பகுதிக்குப் போய்க் கட்டட வேலையில் சேர்ந்தார். மொழி தெரியாத ஊரில் உடலை நம்பிப் பிழைப்பது எப்படிப்பட்டது என்பதை, விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்ற குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருக்குப் போர்த்துகீசிய மொழி கற்றுத் தந்த ஆசிரியைதான், பையனுடைய ஓட்டத் திறமையை அறிந்து, பெலனென்செஸ் என்னும் சங்கத்தில் சேர வழிசெய்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாழ்ந்தது போர்த்துகலில் என்றாலும், அவர் ஓடியது நைஜீரியாவுக்காகவே. 1996-இல் உலக இளையோர் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் தங்கம் வென்றார். 1997-இல் உலகப் போட்டியின் தொடர் ஓட்டத்தில் வெள்ளி. 1999-இல் செவீல் நகரில் 200 மீட்டரில் வெண்கலம். எல்லாம் பிறந்த நாட்டின் கணக்கில்தான் சேர்ந்தன.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முழங்காலில் அடிபட்டது. ஓட்டக்காரனுக்கு முழங்கால் போனால் பிழைப்பே போயிற்று. நைஜீரிய விளையாட்டு அதிகாரிகள் தம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்றும், கனடாவில் சொந்தச் செலவில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டியதாயிற்று என்றும் அவர் பிறகு சொன்னார். 2001 அக்டோபரில் போர்த்துகலின் குடிமகனானார். கட்டட வேலைக்குப் போன நாட்டிலேயே ஏழாண்டு வாழ்ந்த பிறகுதான் அந்தக் குடியுரிமை வந்தது. இதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக். நூறு மீட்டர் இறுதி ஓட்டம். ஒபிக்வேலு நெடிய உருவம். புறப்படுவதில் மந்தம், முடிவில் வேகம். அன்றும் பின்தங்கித்தான் இருந்தார். கடைசி முப்பது மீட்டரில் ஒவ்வொருவராகத் தாண்டி வந்தார். அமெரிக்காவின் ஜஸ்டின் காட்லின் 9.85 விநாடி, ஒபிக்வேலு 9.86, மோரிஸ் கிரீன் 9.87. ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு என்றால், அந்த வேகத்தில் ஏறக்குறைய அரைச் சாண் தூரம்! அந்த அரைச் சாணில் தங்கம் தவறியது. ஆயினும் ஒலிம்பிக் விரைவோட்டத்தில் போர்த்துகலுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அந்த வெள்ளிதான். அந்த 9.86 ஐரோப்பியச் சாதனையாகவும் ஆயிற்று. 2015-இல் பிரான்சின் ஜிம்மி விகோ அதைச் சமன் செய்தார். 2021-இல்தான் இத்தாலியின் மார்செல் ஜேக்கப்ஸ் முறியடித்தார்.

2006-இல் ஐரோப்பியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். 2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்றுக்கு வர முடியவில்லை. அப்போது போர்த்துகீசிய மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஓய்வு பெறுவதாகவும் அறிவித்தார். யாருடைய வரிப்பணத்தில் பயிற்சி பெற்றாரோ, அவர்களிடம் கேட்ட மன்னிப்பு அது.

ஓய்வு என்றாரே தவிர, கால்கள் கேட்கவில்லை. 2011-இல் பாரிஸ் நகரில், உள்ளரங்க ஐரோப்பியப் போட்டியின் 60 மீட்டர் ஓட்டத்தில் வந்து நின்றார். வயது முப்பத்திரண்டு. 6.53 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தார்.