சேற்றில் நிற்கத் தெரிந்த படகு

1972இல் கேம்பிரிட்ஜ் நகரத்து ஆற்றில் ஷேன் ஆக்டன் என்பவர் ஏறிப் புறப்பட்ட படகின் நீளம் 18 அடி. நம் பழைய அம்பாசிடர் காரைவிட நான்கடிதான் கூடுதல். உடம்பெல்லாம் பிளைவுட் பலகை. பெயர் சூப்பர் ஷ்ரிம்ப். செல்லமாக ஷ்ரிம்பி, அதாவது இறால் குஞ்சு. அவருக்குப் பாய்மரம் ஓட்டிய அனுபவம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே கேம்பிரிட்ஜுக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் படகை யாரும் உலகம் சுற்றுவதற்காக வரையவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடித்துக் கிளம்பி, ஞாயிறு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய குமாஸ்தாவுக்காகவும் பள்ளி ஆசிரியருக்காகவும் வரைந்தது அது. வரைந்தவர் ராபர்ட் டக்கர். இங்கிலாந்தில் 1950களிலும் 60களிலும் சாமானியர்கள் கடலில் இறங்கிய கதையில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

டக்கரின் குட்டிப் படகுகளில் பார்க்க வேண்டிய இடம் அடிப்பக்கம். வழக்கமான பாய்மரப் படகுக்கு நடுவில் ஒரே ஏரா. ஆழமாக, மீன் துடுப்பு போல இறங்கியிருக்கும். காற்று பக்கவாட்டில் தள்ளும்போது படகு வழுக்காமல், கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். ஆனால் இங்கிலாந்தின் கிழக்கு, தெற்குக் கரை ஓடைகளில் ஓதம் வற்றினால் தண்ணீரே இருக்காது, மைல் கணக்கில் சேறுதான். ஆழமான ஒற்றை ஏரா உள்ள படகு அங்கே பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். ஆகவே ஏராவை இரண்டாகப் பிரித்து, ஆழம் குறைத்து, இருபக்கமும் கால்கள் போல வைத்தார்கள். வற்றும்போது படகு அந்த இரண்டு காலில் சேற்றில் நிமிர்ந்து நிற்கும். உள்ளே அடுப்பில் வைத்த தேநீர்கூடச் சிந்தாது.

எதற்கு இந்தப் பாடு? ஆழமான தண்ணீரில் படகை நிறுத்த இடம் பிடிப்பது பணக்காரர் காரியம். சேற்றை யாரும் சீந்தவில்லை. அற்பக் காசுக்கு இடம் கிடைத்தது. அந்த இரட்டைக் காலை வரைந்தது கடல் அல்ல, பர்ஸ் என்றே எனக்குத் தோன்றும்.

மலிவுக்கு இன்னொரு காரணம் இரண்டாம் உலகப் போர். விமானம் கட்டுவதற்காகப் போர்க்காலத்தில் தேர்ச்சி பெற்ற, தண்ணீருக்கு அசையாத பசையும் பிளைவுட்டும் சமாதான காலத்தில் வீட்டுக் கொல்லைக்கு வந்தன. 1963 லண்டன் படகுக் கண்காட்சியில் டெய்லி மிரர் பத்திரிகை தன் பெயரிலேயே ஒரு சிறு படகை இறக்கியது. விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். பலகைகளைச் செப்புக் கம்பியால் தைத்து, தையல்மேல் ஃபைபர் பட்டையும் பிசினும் பூசினால் படகு. சிவப்புப் பாயோடு அது எழுபதாயிரத்துக்கும் மேல் பெருகியது. அறை இல்லாத திறந்த படகுதான். ஆனால் அதில் பழகியவர்களுக்கு அடுத்த ஆசை, உள்ளே படுத்துத் தூங்க முடிந்த ஒன்று.

தூங்கலாம், நிற்க முடியாது. 18 அடிப் படகின் அறையில் உட்கார்ந்தால் தலை கூரையைத் தொடும். ஒற்றை மண்ணெண்ணெய் அடுப்பு, ஈரம் ஏறிய போர்வை, கழிப்பறைக்கு வாளி. வால்பக்கம் தொங்கும் ‘பிரிட்டிஷ் சீகல்’ மோட்டாரைக் கயிறு சுற்றி இழுத்து இழுத்தே தோள் கழன்றவர்கள் உண்டு. இந்தக் காலத்தைப் பற்றி உருகி எழுதுபவர்கள் ஒன்றைச் சொல்ல மாட்டார்கள்: இரட்டைக் கால் படகுகளில் பல, எதிர்காற்றில் ஏற மகா மந்தம். பக்கவாட்டில் நண்டு போல வழுக்கிக்கொண்டே போகும்.

பிறகு ஃபைபர் வந்தது. நம் கடற்கரையில் கட்டுமரத்தை ஓரங்கட்டிய அதே ஃபைபர். போர்க்கப்பல் தளபதியாக இருந்து நாவலும் எழுதிய டெனிஸ் ரெய்னர் வெஸ்டர்லி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 1967இல் இறந்துவிட, 1969இல் அந்த நிறுவனம் இறக்கிய 26 அடி ‘சென்டார்’ இரண்டாயிரத்துக்கும் மேல் விற்றது. அதற்கும் இரட்டைக் கால்தான். 1975இல் உல்லாசப் படகுகளுக்கு அரசு 25 சதவீத வரி போட்டது. சேற்றில் நிறுத்துபவனும் உல்லாசி ஆகிவிட்டான்.

இன்று வெஸ்டர்லி இல்லை. சீகல் மோட்டாரும் வருவதில்லை. அதன் இடத்தில் பேட்டரி மோட்டார் ஓசையில்லாமல் ஓடுகிறது. லண்டன் படகுக் கண்காட்சி 2018க்குப் பிறகு நடக்கவில்லை. நெட்டலையில் பிபிசி தனியாகக் கொடுத்துவந்த கடல் வானிலை ஒலிபரப்பு 2024 ஏப்ரலில் நின்றது. ஆழம் பார்க்க ஈயக்குண்டும் கயிறும் இருந்த இடத்தில் கைபேசி இருக்கிறது.

படகுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. மரம் என்றால் உளுத்து, விறகாகிப் போயிருக்கும். ஐம்பது வயதான ஃபைபர் உடம்போ இன்னும் கல்லாக நிற்கிறது. விளைவு தலைகீழ்: படகு ஏறக்குறைய இனாம், நிறுத்துமிடம்தான் செலவு. தோண்டி ஆழப்படுத்திய தனியார் துறைகளில் வாடகை படகின் நீளத்துக்கு மீட்டர் கணக்கில். சில வருட வாடகையில் படகின் விலை எத்தனையோ முறை வந்துவிடும். வாங்கியவர் கைவிட்ட படகுகள் ஓடைகளில் புல் முளைத்துக் கிடக்கின்றன. உடைத்துப் போடவும் காசு வேண்டும். பிரான்சில் இதற்கென்றே 2019 முதல் ஓர் அமைப்பு இயங்குகிறது, புதுப் படகு விற்பனையில் பிடிக்கும் தொகையை வைத்துக்கொண்டு.

இந்தக் குட்டிப் படகுகளின் கதைக்கு நடுவே, 1995இல் ஒரு பதினெட்டு வயதுப் பெண், 21 அடி ‘கோரிபீ’ படகில் தனியாகப் பிரிட்டனைச் சுற்றிவந்தாள். சிறுமியாக இருந்தபோது பள்ளி மதிய உணவுக் காசை மிச்சம் பிடித்து முதல் படகு வாங்கியவள். பத்து ஆண்டுகளில் 75 அடி மூவுடல் படகில் உலகைத் தனியாகச் சுற்றும் வேகச் சாதனையை முறியடித்த எலன் மக்ஆர்தர்தான் அவள். அந்தக் கோரிபீயை வரைந்தவரும் ராபர்ட் டக்கர்.

கோரிபீக்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. படகோடு சேறும் சேர்த்துத் தருவீர்களா என்பதுதான்.