யாருக்காக யார் மிதிப்பது?

மிதிவண்டிப் பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது, தனியொரு வீரன் குனிந்து மிதித்து எல்லைக்கோட்டைத் தாண்டும் காட்சியே. நானும் வெகுநாள் அவ்வாறே எண்ணியிருந்தேன். கால்வலிமை மிக்கவன் வெல்வான், மற்றவர் தோற்பர், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஐரோப்பாவின் பெரும்பந்தயங்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, அவ்வெண்ணம் பிழை என்பது புலனாயிற்று. அங்கே ஒருவர் வெல்ல வேண்டுமானால், அவருடைய அணியினர் ஏழு பேர் தோற்பதற்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதல் எப்படிப் பிறக்கிறது, எங்கே முறிகிறது என்பதை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பெரும்பந்தயங்கள்

பிரான்சு நாட்டில் 1903இல் ஒரு நாளிதழ் தொடங்கி வைத்தது 'டூர் டி பிரான்ஸ்'. இத்தாலியின் 'ஜிரோ' 1909இலும், ஸ்பெயினின் 'வுவெல்டா' 1935இலும் தோன்றின. இம்மூன்றையும் பெரும்பந்தயங்கள் என்பர். ஒவ்வொன்றும் மூன்று வார காலம் நடக்கும். இன்று 21 கட்டங்கள், மொத்தம் 3,000 கிலோமீட்டருக்கு மேல். சமவெளியும் உண்டு, வானை முட்டும் மலைப்பாதைகளும் உண்டு, ஒவ்வொருவரும் தனித்தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் நேர ஓட்டமும் உண்டு. எல்லா நாள்களின் நேரத்தையும் கூட்டி, எவருடைய கூட்டுத்தொகை குறைவோ அவரே வெற்றியாளர். பிரான்சில் முன்னிலையில் உள்ளவர் மஞ்சள் சட்டை அணிவார். இத்தாலியில் அது இளஞ்சிவப்பு. ஸ்பெயினில் இன்று சிவப்பு.

ஏறத்தாழ நூற்றெழுபது, நூற்றெண்பது பேர் புறப்பட்டாலும், வெல்லத்தக்கவர் என்று எண்ணப்படுவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே. மலையேறவும் வேண்டும், நேர ஓட்டத்தில் பின்தங்காமலும் இருக்க வேண்டும், மூன்று வாரம் உடல் தளராமலும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே அமைந்தவர் அரியர். அத்தகைய ஒருவரையே அணி தன் தலைவராகக் கொள்கிறது.

காற்று கற்பித்த பாடம்

தலைவர் என ஒருவர் எதற்கு? விடை காற்றில் இருக்கிறது. எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துக் கல்லூரிக்கு வரும் நண்பர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. முன்னே செல்பவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் மிதிப்பது எளிதாகிவிடும். முன்னே வந்தாலோ மூச்சு வாங்கும். சமதரையில் மணிக்கு நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வீரர் செலவிடும் ஆற்றலின் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே போகிறது. பின்னால் ஒளிந்து வருபவருக்கு அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும்.

ஆகவே துணைவீரர்கள் முறைவைத்துக் காற்றை எதிர்கொள்கின்றனர். தலைவர் அவர்கள் நிழலில் வருகிறார். அணியின் காரிலிருந்து தண்ணீர்ப் புட்டிகளை வாங்கி வந்து தருவதும் அவர்களே. தலைவரின் வண்டி பழுதானால் தம் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பதும் அவர்களே. பிரெஞ்சு மொழியில் இவர்களுக்கு வழங்கும் பெயர் 'தொமெஸ்தீக்'. வேலையாள் என்பது பொருள். செங்குத்தான மலையில் வேகம் குறைவதால் இந்த ஒளிவின் பயனும் குறையும். சேமித்த ஆற்றலைத் தலைவர் அங்கேதான் செலவிடுகிறார். வென்ற தலைவர் தம் பரிசுத்தொகையை அணியினரோடு பகிர்ந்துகொள்வது நெடுநாளைய வழக்கம்.

1934ஆம் ஆண்டுப் பந்தயம் இதற்கு ஓர் உருக்கமான சான்று. பிரெஞ்சு அணியில் ரெனே வியெத்தோ என்ற இருபது வயது இளைஞர் மலைகளில் எல்லோரையும் விஞ்சி வந்தார். அணித் தலைவர் ஆந்தொனின் மாஞ். பிரனீஸ் மலைச்சரிவில் மாஞ் விழுந்து சக்கரம் உடைந்தது. வியெத்தோ தம் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உதவி வண்டி வரும்வரை சாலையோரச் சுவரில் அமர்ந்து கண்ணீர் விட்டார். அந்தப் புகைப்படம் பிரான்சு முழுவதும் பரவியது. மறுநாளும் மாஞ்சின் வண்டி கெட்டது. முன்னால் சென்றுகொண்டிருந்த வியெத்தோ, இறங்கிய மலையில் திரும்ப ஏறி வந்து தம் வண்டியையே கொடுத்தார். மாஞ் வென்றார், வியெத்தோ ஐந்தாமிடம். பின்னர் ஒருநாளும் அவர் அப்பந்தயத்தை வெல்லவில்லை.

ஓர் உறையில் இரு வாள்

ஓர் அணியில் வெல்லத்தக்கவர் இருவர் இருந்தால் என்ன ஆகும்? பந்தய நுட்பப்படி அது பெரும் பலம். ஒருவர் பாய்ந்து முன்னேறினால் எதிரணியினர் வியர்க்க வியர்க்கத் துரத்த வேண்டும். மற்றவர் அவர்கள் பின்னால் இளைப்பாறி வரலாம். ஆனால் இதே நுட்பத்தில்தான் நஞ்சும் இருக்கிறது. முன்னே ஓடுபவர் நம் அணித்தோழர் என்றால் நாம் துரத்தக் கூடாது. துரத்தினால் எதிரிகளையும் நம் முதுகில் ஏற்றி இழுத்துச் செல்வோம். எனவே தோழனே நம் வெற்றியைப் பறித்தாலும் கைகட்டிப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

இது நடந்தது 1985, 1986 ஆகிய ஆண்டுகளில். 'லா வீ கிளேர்' அணியில் பிரான்சின் பெர்னார் இனோ, அமெரிக்காவின் கிரெக் லெமாண்ட் இருவரும் இருந்தனர். 1985இல் தலைவர் இனோ கீழே விழுந்து மூக்கு உடைந்து துன்புற்றார். பிரனீஸ் மலையில் லெமாண்ட் முன்னணியில் செல்லும்போது, தலைவருக்கு எதிராக வேகம் கூட்ட வேண்டாம் என்று அணி தடுத்தது. இனோ மிக அருகில் வருகிறார் என்று தம்மிடம் சொல்லப்பட்டதாகவும், உண்மை இடைவெளி அதைவிட அதிகம் என்றும் லெமாண்ட் பின்னாளில் மனம் கசந்து கூறினார். இனோ ஐந்தாம் முறையாக வென்றார். லெமாண்ட் 1 நிமிடம் 42 நொடி பின்தங்கி இரண்டாமிடம். அடுத்த ஆண்டு லெமாண்டின் வெற்றிக்குத் தாம் உழைப்பதாக இனோ வாக்களித்தார்.

1986 வந்தது. பன்னிரண்டாம் கட்டத்தில் இனோ பாய்ந்து முன்னேறினார். துரத்த இயலாத லெமாண்ட் பின்தங்கினார். மாலையில் இனோவின் தோளில் மஞ்சள் சட்டை. இடைவெளி 5 நிமிடம் 25 நொடி. ஐந்து முறைக்கு மேல் அதுவரை எவரும் வென்றதில்லை என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். ஆறாவது வெற்றி கைக்கெட்டும் தொலைவில் நின்றது. மறுநாளும் இனோ தனியே பாய்ந்தார். ஆனால் சோர்ந்து பிடிபட்டார். லெமாண்ட் அன்று வென்று இடைவெளியை 40 நொடியாகக் குறைத்தார். ஆல்ப்ஸ் மலையில், பதினேழாம் கட்டத்தில், மஞ்சள் சட்டை லெமாண்டிடம் வந்தது. மறுநாள் ஆல்ப் துயெஸ் உச்சியில் இருவரும் தோளோடு தோளாக, புன்னகையுடன் கோட்டைத் தாண்டினர். பகை தீர்ந்தது என்று உலகம் மகிழ்ந்தது. பந்தயம் இன்னும் முடியவில்லை என்ற பொருளில் இனோ அதன்பின் பேசினார்! அணியே இரண்டாகப் பிளந்து நின்றது. முடிவில் லெமாண்ட் 3 நிமிடம் 10 நொடி வேறுபாட்டில் வென்று, அப்பந்தயத்தை வென்ற முதல் அமெரிக்கரானார். எதிரிகளைக் களைப்படையச் செய்யவே தாம் பாய்ந்ததாக இனோ இறுதிவரை வாதிட்டார்.

அவ்வாதத்தை முற்றிலும் தள்ள முடியாது. எதிரணியினர் களைத்தது உண்மை. எனினும் பிழை எங்கே என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உதவுவேன் என்ற சொல் பொதுவாகச் சொல்லப்பட்டதே தவிர, எந்த நிலையில், எதுவரை என்று வரையறுக்கப்படவில்லை. வரையறுக்காத வாக்கை ஒவ்வொருவரும் தம் ஆசைக்கேற்பப் பொருள் கொள்வர்.

வேலையாள் அணிந்த சிவப்புச் சட்டை

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியோடு முடிக்கிறேன். 2023இல் 'ஜம்போ விஸ்மா' அணியின் பிரிமோஷ் ரோக்லிச் ஜிரோவையும், யோனாஸ் விங்ககோர் டூரையும் வென்றனர். இரண்டிலும் அவர்களுக்காக மலைகளில் உழைத்தவர் செப் குஸ் என்ற அமெரிக்கத் துணைவீரர். மூன்றாவதாக வுவெல்டாவுக்கு மூவரும் வந்தனர். ஒரு கட்டத்தில் முன்னோடிக் கூட்டத்தில் சேர்ந்து சென்று வென்ற குஸ், எதிர்பாராமல் சிவப்புச் சட்டையை அடைந்தார். ஆங்லிரு என்னும் கொடிய மலையில், தலைவர் இருவரும் அவரை விட்டு முன்னேறிச் சென்றனர். விங்கோருக்கும் குஸ்ஸுக்கும் இடையே மிஞ்சியது 8 நொடியே. வேலையாளின் சட்டையை முதலாளிகள் உருவுவதா என்று பந்தய அன்பர்கள் கொதித்தனர். அதன்பின் அணி கூடிப் பேசித் தெளிவான முடிவெடுத்தது: இனிக் குஸ்ஸையே காப்பது. இரு வெற்றிவீரர்களும் துணைவீரராயினர். குஸ் வென்றார்; விங்கோர் 17 நொடி பின்னே இரண்டாமிடம், ரோக்லிச் மூன்றாமிடம். ஒரே ஆண்டின் மூன்று பெரும்பந்தயங்களையும் ஒரே அணி வென்றது அதுவே முதன்முறை.

அடுத்த முறை ஒரு பெரும்பந்தயம் தொடங்குமுன், யார் வெல்வார் என்று நாளிதழ்கள் பட்டியலிடும். நண்பர்களே, அப்பட்டியலோடு நின்றுவிடாதீர்கள். அவருக்காகக் காற்றை எதிர்ப்பவர் யார், அவர்களுக்கு அவர் என்ன கடன்பட்டிருக்கிறார் என்றும் கேளுங்கள். தலைமை என்பது புறப்படுமுன் அறிவிக்கப்படும் பதவி மட்டுமன்று. பிறர் உழைப்பில் வாங்கிய கடனுமாகும். குஸ்ஸுக்கு அது ஓராண்டிலேயே திரும்பக் கிடைத்தது. லெமாண்ட் அதைப் போராடிப் பெற்றார். சுவரில் அமர்ந்து அழுத வியெத்தோவுக்கோ அது கடைசிவரை திரும்பவே இல்லை.