சில்லும் காற்றும் மஞ்சள் விளக்கும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது முதுமொழி. மரச்சில்லும் இரும்புப் பட்டமும் பூண்ட மாட்டுவண்டிக்கு அது முற்றும் பொருந்தும். மோட்டார் வண்டிக்கோ அச்சாணியோடு வேறொன்றும் இன்றியமையாததாயிற்று. அதுவே ரயரினுள் அடைபட்ட காற்று. பாரத்தைத் தாங்குவது இறப்பர் என்று பலர் எண்ணுவர். உண்மையில் பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது காற்றே. இறப்பர் அதற்கு உறை போன்றது.

அக்காற்றுக் குறையுங்கால் எச்சரிக்கும் உணர்கருவி இந்நாளிற் பல வண்டிகளில் உண்டு. அத்தகைய வண்டிக்கு அழகு கருதிப் பெரிய சில்லுப் பூட்ட விழைவோரும் நம்மிடையே உளர். பூட்டியபின் அவ்வுணர்கருவியை எவ்வளவு நம்பலாம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இக்கருவி பரவியதற்கு ஒரு துயர வரலாறு உண்டு. 2000ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திற் பயர்ஸ்ரோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 இலட்சம் ரயர்களை மீளப் பெற நேர்ந்தது. அவற்றுட் பல போர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளிற் பூட்டப்பட்டவை. ரயரின் மேற்பட்டை கழன்று நேர்ந்த விபத்துக்களில் 200க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வண்டிக்குப் போர்ட் நிறுவனம் விதித்திருந்த அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 26 இறாத்தல்; 30 இறாத்தல் வேண்டும் என்றது பயர்ஸ்ரோன். அவ்வாண்டிலேயே அமெரிக்காவிற் சட்டம் பிறந்தது. அதன் பயனாக, 2007 செப்தெம்பர் முதல் அந்நாட்டுக்கெனச் செய்யப்படும் புதிய கார்களில் இக்கருவி கட்டாயமாயிற்று. குறித்த அழுத்தத்தில் 25 வீதம் குறைந்தால் மஞ்சள் விளக்கு எரிதல் வேண்டும் என்பது விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் விற்பனையாகும் புதிய கார்கள் யாவற்றுக்கும் இது கட்டாயமாயிற்று.

கருவி இருவகைப்படும். முதலாவது நேர்வகை. ஒவ்வொரு சில்லின் உள்ளேயும், வால்வின் அடியில், சிறு மின்கலத்தோடு கூடிய உணர்கருவி அமர்ந்திருக்கும். அது அழுத்தத்தை அளந்து வானொலி அலை மூலம் வண்டியின் கணனிக்கு அறிவிக்கும். இரண்டாவது மறைமுக வகை. இதிற் சில்லினுள் யாதும் இல்லை. காற்றுக் குறைந்த சில்லின் உருளும் ஆரை சிறுத்து, மற்றையவற்றினும் விரைந்து சுழலும். தடை பூட்டிக்கொள்ளாது காக்கும் அமைப்பு அவ்வேறுபாட்டைக் கண்டு கூறும்.

இனிப் பெரிய சில்லுக்கு வருவோம். 195/65 ஆர் 15 என்னும் ரயரின் முழு விட்டம் ஏறத்தாழ 634 மில்லிமீற்றர். 225/45 ஆர் 17 என்பதன் விட்டமும் அதுவே. றிம் இரண்டு அங்குலம் பெருத்தது; ஆயின் இறப்பர்ப் பக்கச்சுவர் 127 மில்லிமீற்றரிலிருந்து 101 ஆகக் குறுகியது. முழு விட்டம் மாறாதிருந்தால் வேகமானி பிழைபடாது. ஆனால் குழியில் விழுங்கால் றிம்மைக் காக்கும் மெத்தை மெலிந்துவிட்டது என்பதை மறத்தலாகாது.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்றுண்டு. பழைய ரயருக்கு 32 இறாத்தல் விதிக்கப்பட்டது என்க. விளக்கு 24இல் எரியும். புதிய ரயரின் சுமை அட்டவணைப்படி, அதே பாரத்தைத் தாங்க 36 இறாத்தல் வேண்டும் எனக் கொள்வோம். அதற்கு 27இலேயே விளக்கு எரிதல் வேண்டும். ஆனால் கணனி பழைய எண்ணையே பற்றி நிற்கும். 27க்குக் கீழே, 24க்கு மேலே, ரயர் சூடேறி நலிந்துகொண்டிருக்க விளக்கோ வாளாவிருக்கும். மறைமுக வகையிலும் இக்குறை உண்டு. காற்றுக் குறைவாக அடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால், அக்குறைவையே அது நிறைவெனக் கற்றுக்கொள்ளும். ஆதலின் விளக்கு எரியாமை காற்றுச் சரி என்பதற்குச் சான்றாகாது.

பூட்டும்போது கவனிக்கவேண்டியவை சில. ஜப்பானிய வண்டிகளிற் பல 315 மெகாஹேட்ஸ் அலையிலும், ஐரோப்பிய வண்டிகள் 433 மெகாஹேட்ஸ் அலையிலும் பேசுவன. அலை மாறினால் வண்டி கேளாது. ஒவ்வோர் உணர்கருவிக்கும் தனி இலக்கம் உண்டு. அதனைக் கணனிக்கு அறிமுகஞ் செய்தல் வேண்டும். புதிய றிம்மில் வால்வுத் துளையின் சாய்வு பொருந்தாவிடின், ரயர் ஏற்றும்போதே கருவி நசியும். ஐந்து முதற் பத்தாண்டுவரை உழைக்கும் அதன் மின்கலத்தைப் பெரும்பாலும் தனியே மாற்ற முடியாது. பழையதை இடம் மாற்றுமுன் அதன் வயதை எண்ணுதல் நன்று.

தீவகத்தாராகிய நமக்கு உப்புக் காற்றும் ஒரு பகை. உணர்கருவியின் வால்வுத் தண்டு பலவற்றில் அலுமினியத்தாலானது. அதனுள் வெறும் பித்தளை ஊசியோ, வெளியே பித்தளை மூடியோ இட்டால், உப்பீரம் பட்டு அலுமினியம் அரிக்கப்பட்டு ஈருலோகமும் இறுகிவிடும். பின்னர் திருகினால் தண்டே முறிந்து காற்று முழுவதும் போகும். நிக்கல் பூசிய ஊசியும் பிளாஸ்திக் மூடியுமே தக்கவை. காற்றடிக்கும் கடையில் இதனைக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

பண்ணைப் பாலத்திலும், வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட பாலத்திலும் இருமருங்கும் கடலே. ஆங்கு ரயர் வெடித்தால் ஒதுங்க இடமில்லை. நயினை நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்வோர் குறிகட்டுவானில் வண்டியை வெயிலில் நிறுத்திப் படகேறுவர். மீண்டு வந்து அளந்தால் அழுத்தம் கூடித் தோன்றும். ஏனெனில் வெப்பம் 10 பாகை ஏற, அழுத்தம் ஏறத்தாழ ஒன்றரை இறாத்தல் உயரும். காலையில், வண்டி ஓடுமுன் அளப்பதே மெய்யளவு.

ஆதலாற் பெரிய சில்லு வேண்டாமென்று யாம் கூறவில்லை. சுமை எண் பழையதினும் குறையாத ரயரைத் தெரிக. அதற்குரிய அழுத்தத்தை அட்டவணையிற் கண்டு, கதவோரத்தில் எழுதி ஒட்டுக. இயலுமாயின் அவ்வெண்ணைக் கணனியிலும் பதிவிக்க. மாதம் இருமுறையேனும், நெடும் பயணத்தின் முன்னரும், கையளவு மானியால் நான்கு சில்லுகளையும் மேலதிகச் சில்லையும் அளக்க. இதற்குச் செல்லும் பொழுது பத்து நிமிடத்துக்கு மேற்படாது. வண்டியில் ஏறும் பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் அது பெருங்காவலாகும்.