ஒரு பாடவேளைக்கு 89 யுவான்

சீன மொழியைச் சீனாவிலேயே போய்ப் படிக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டால், பெரும்பாலோர் கல்விக்கட்டணத்தை மட்டும் சொல்வார்கள். பெய்ஜிங்கின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் சாராத ஓராண்டு மொழிப் படிப்புக்கு ஏறக்குறைய 23,000 முதல் 30,000 யுவான்வரை வாங்குகிறார்கள். மாகாண நகரங்களில் 12,000 முதல் 18,000 வரை. ஒரு யுவானுக்கு 12 ரூபாய் என்று வைத்தால், பெய்ஜிங்கில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவிலேயே படிப்பு தொடங்கிவிடுகிறது. சென்னையில் ஒரு தனியார் கல்லூரிக்குக் கட்டும் பணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, "பரவாயில்லையே" என்று வீட்டில் முடிவெடுத்துவிடுவார்கள். ஆனால் அந்தத் தொகை மொத்தச் செலவில் பாதிகூட இல்லை. அதைவிட முக்கியம், அந்தப் பணத்துக்கு எத்தனை மணி நேரப் படிப்பு கிடைக்கிறது என்பதை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

மணிக்கணக்கிலிருந்தே தொடங்குவோம். சீனப் பல்கலைக்கழகங்களின் மொழிப் படிப்பு பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தது. காலை எட்டு மணிக்கு வகுப்பு. திங்கள் முதல் வெள்ளிவரை நாளுக்கு நான்கு பாடவேளை, வாரத்துக்கு 20. ஒரு பாடவேளை 45 அல்லது 50 நிமிடம். பருவத்துக்கு ஏறக்குறைய 18 வாரம், ஆண்டுக்கு இரண்டு பருவம். ஆக 36 வாரம், 720 பாடவேளை. ஐம்பது நிமிடமாகவே வைத்துக்கொண்டாலும் ஓராண்டில் 600 மணி நேரம். தேர்வு வாரமும் தேசிய விடுமுறைகளும் இதில்தான் அடங்கும், ஆகவே கையில் கிடைப்பது இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்த 600 மணி நேரம் எதற்குப் போதும்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் தூதரக ஊழியர்களுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனம், ஆங்கிலம் பேசுவோர் சீனத்தில் அலுவலக வேலை செய்யும் அளவுக்குத் தேற 2,200 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறது. அதாவது 88 வாரம் முழுநேரப் படிப்பு. வீட்டில் படிக்கும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. அங்கே வகுப்புகள் சிறியவை, படிப்பதே ஊழியரின் வேலை. அந்த அளவுகோலை அப்படியே நம் மாணவர்மேல் வைக்க முடியாதுதான். ஆனாலும் 2,200-ல் 600 என்பது 27 விழுக்காடு. ஓராண்டில் "சீனம் படித்து முடித்துவிட்டேன்" என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

இனிச் சொற்கணக்கு. சீன மொழித் திறனுக்கான எச்எஸ்கே தேர்வு 2010-ல் ஆறு நிலைகளாக மாற்றி அமைக்கப்பட்டபோது, ஒவ்வொரு நிலைக்கும் வேண்டிய சொற்கள் இவை: முதல் நிலை 150, இரண்டு 300, மூன்று 600, நான்கு 1,200, ஐந்து 2,500, ஆறு 5,000-க்கு மேல். ஒவ்வொரு படியிலும் சுமை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆண்டுக்கு 36 வாரம் என்றால், நான்காம் நிலையை எட்ட வாரத்துக்கு 33 புதுச் சொல் போதும். ஐந்தாம் நிலைக்கு 69 வேண்டும். வாரத்தில் ஒரு நாளும் ஓயாமல் தினம் பத்துச் சொல், அதுவும் முன்பு படித்தது மறக்காமல். பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஓராண்டில் நான்காம் நிலையை எட்டுபவர் ஒழுங்காகப் படித்தவர். ஐந்தாம் நிலையை எட்டுபவர் உண்மையிலேயே உழைத்தவர். சீன வழியில் பட்டப்படிப்பில் சேர, பல பல்கலைக்கழகங்கள் அறிவியல் பிரிவுகளுக்கு நான்காம் நிலையும் கலைப் பிரிவுகளுக்கு ஐந்தாம் நிலையும் கேட்பதால், இந்த ஒரு படி வித்தியாசம் இன்னோர் ஆண்டுச் செலவாக மாறிவிடலாம்.

2021 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த புதிய தரநிலை இன்னும் கடுமையானது. மூன்று கட்டம், ஒன்பது நிலை. மொத்தம் 11,092 சொல், 3,000 எழுத்து, 572 இலக்கணக் கூறு. முதல் நிலைக்கே 500 சொல்லும் 300 எழுத்தும் கேட்கிறது. நான்காம் நிலைக்கு 3,245 சொல், பழைய பட்டியலைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அதே தரநிலை, கையால் எழுதத் தெரிய வேண்டிய எழுத்துகளைத் தனியே பிரித்து மொத்தம் 1,200-ஆகக் குறைத்திருக்கிறது. தட்டச்சும் கைபேசியும் வந்தபின் இது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். ஆனால் வாசிப்பில் சலுகை இல்லை. சீன அரசு 2013-ல் வெளியிட்ட பொது எழுத்துப் பட்டியலில் 8,105 எழுத்து உண்டு, அதில் அன்றாடப் புழக்கத்துக்கு உரியவை மட்டுமே 3,500. தமிழில் 247 எழுத்து தெரிந்தால் பொருள் புரியாத சொல்லையும் வாய்விட்டு வாசித்துவிடலாம். சீனத்தில் தெரியாத எழுத்தின் முன் நின்றுவிட வேண்டியதுதான்.

இப்போது பணம். இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பெய்ஜிங்கில், மற்றவர் குயிலின் அல்லது குன்மிங் போன்ற ஒரு மாகாண நகரத்தில். இருவரும் சிக்கனமானவர்கள், உதவித்தொகை இல்லாதவர்கள், சீனாவில் தங்குவது 280 நாள். கீழே உள்ளவை நடப்பு விலைகளை ஒட்டி நான் போட்ட மதிப்பீடு. முதல் எண் பெய்ஜிங், இரண்டாவது மாகாண நகரம், எல்லாம் யுவானில்.

கல்விக்கட்டணம்: 24,000 / 15,000
விண்ணப்பக் கட்டணம்: 600 / 600
விடுதி: 19,600 / 7,000
சாப்பாடு: 14,000 / 9,800
மருத்துவக் காப்பீடு: 800 / 800
வதிவிட அனுமதி: 400 / 400
மருத்துவப் பரிசோதனை: 500 / 500
புத்தகம், நோட்டு: 800 / 800
போக்குவரத்து, கைபேசி: 3,000 / 1,500
எச்எஸ்கே நான்காம் நிலைத் தேர்வு: 450 / 450
மொத்தம்: 64,150 / 36,850

ரூபாயில் பெய்ஜிங் 7,69,800, மாகாண நகரம் 4,42,200. விமானக் கட்டணமும் விசா செலவும் இதற்கு வெளியே. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே 2020-ல் நின்றுபோன நேரடி விமானங்கள் 2025 அக்டோபரில்தான் மீண்டும் பறக்கத் தொடங்கின. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களில் பலர் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகவே போகிறார்கள்.

பட்டியலில் கண்ணில் படவேண்டியது விடுதி வரி. கல்விக்கட்டணத்தில் வித்தியாசம் 9,000 யுவான், விடுதியில் 12,600. பெய்ஜிங்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகள் பலவற்றில் வாடகை மாதக் கணக்கில் இல்லை, நாள் கணக்கில். இருவர் தங்கும் அறையில் ஒரு கட்டிலுக்கு 70 யுவான் என்று போட்டிருக்கிறேன், தனி அறை என்றால் நூறைத் தாண்டும். சீனப் புத்தாண்டை ஒட்டிய குளிர்கால விடுமுறையில் 40 நாள் அங்கேயே தங்கினால் வாடகையும் சாப்பாடுமாக மேலும் 4,800 யுவான். வகுப்பே நடக்காத நாள்களுக்கான செலவு இது.

சிறிய எண்களில் ஏமாந்துவிடக் கூடாது. பெய்ஜிங் மெட்ரோவில் 2014 டிசம்பரிலிருந்து முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான், பேருந்தில் முதல் 10 கிலோமீட்டருக்கு 2 யுவான். இவை யாரையும் வாட்டாது. கேன்டீனில் ஒரு வேளைக்கு 10 முதல் 20 யுவானில் வயிறு நிறையும். ஆனால் கைபேசிவழிப் பணம் செலுத்தும் செயலிகளான அலிபே, வீசாட் பே இரண்டிலும் வெளிநாட்டு அட்டையை இணைத்து 200 யுவானுக்கு மேல் ஒரே தடவையில் செலுத்தினால் 3 விழுக்காடு கட்டணம் பிடிப்பார்கள். சீன வங்கிக் கணக்கு திறக்கும்வரை பெரிய தொகைகளைப் பிரித்துக் கட்டுவது நல்லது. குளிரும் ஒரு செலவுதான். பெய்ஜிங்கில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை நகரம் முழுவதும் மையக் குழாய் வழியே வெப்பம் வரும். நான்ஜிங், ஷாங்காய் போன்ற தென்புற நகரங்களில் பொதுவாக அந்த ஏற்பாடு கிடையாது. வெளியே பெய்ஜிங்கைவிடக் குளிர் குறைவு என்றாலும் அறைக்குள் மின்கட்டணம் ஏறும்.

அபராதங்களை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை, எழுதத்தான் வேண்டும். 180 நாளுக்கு மேல் படிக்க எக்ஸ்1 விசா. நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் அதை வதிவிட அனுமதியாக மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விடுதிக்கு வெளியே வீடு எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிய வேண்டும், தவறினால் 2,000 யுவான்வரை அபராதம். அனுமதிக் காலம் கடந்து தங்கினால் நாளுக்கு 500, அதிகபட்சம் 10,000, அல்லது காவலில் அடைப்பு. அனுமதியின்றி வேலை பார்த்தால் 5,000 முதல் 20,000 வரை. 2013 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் இது. "மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துச் செலவைச் சமாளித்துவிடலாம்" என்று முகவர்கள் யாராவது சொன்னால், இந்த எண்களை அவர்கள்முன் வையுங்கள். அகப்பட்டால் மாகாண நகரத்தில் ஓராண்டுச் செலவில் பாதிக்குமேல் போய்விடலாம்.

உதவித்தொகை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். சீன அரசின் முழு உதவித்தொகையில், பட்டம் சாராத பொதுப் பயிலுநருக்குக் கல்விக்கட்டணம் இல்லை, காப்பீடு உண்டு, விடுதி இலவசம் அல்லது மாதம் 700 யுவான், கைச்செலவுக்கு மாதம் 3,000 யுவான். பத்து மாதத்துக்கு 30,000. மேலே பெய்ஜிங் மாணவருக்குப் போட்ட சாப்பாடும் போக்குவரத்தும் 17,000 மட்டுமே. ஆனால் கிடைப்பவர்கள் சிலரே. 2018-ல் சீனாவில் 196 நாடு, பிரதேசங்களைச் சேர்ந்த 4,92,185 வெளிநாட்டு மாணவர் இருந்தனர். அரசு உதவித்தொகை பெற்றவர்கள் 63,041, அதாவது 12.81 விழுக்காடு. பட்டம் சாராத படிப்பில் இருந்தவர்கள் 2,34,063. 1950-ல் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்குச் சீனம் படிக்க வந்த முதல் குழுவில் 33 பேர்தான் இருந்தார்கள் என்பதை நினைத்தால் வளர்ச்சி புரியும். அந்த 2018 பட்டியலில் தென்கொரியா 50,600 மாணவருடன் முதலிடம், இந்தியா 23,198 பேருடன் நான்காவது. நம்மவர்களில் பெரும்பகுதி மருத்துவம் படிக்கப் போனவர்கள், மொழிக்காகவே போனவர்கள் மிகச் சிலர்.

இனி இரண்டு கணக்குகளையும் சேர்ப்போம். பெய்ஜிங்கில் கல்விக்கட்டணத்தை மட்டும் 720-ஆல் வகுத்தால் பாடவேளைக்கு 33 யுவான். மொத்தச் செலவை வகுத்தால் 89 யுவான், ஏறக்குறைய 1,070 ரூபாய். காலைக் குளிருக்குப் பயந்து ஒரு நாள் வகுப்புக்குப் போகாவிட்டால் 4,277 ரூபாய் வீண். மாகாண நகரத்தில் அதே பாடவேளை 51 யுவான், 614 ரூபாய்.

வித்தியாசம் 27,300 யுவான். இதை மிச்சம் என்று வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்பதே என் கருத்து. மாகாண நகரத்தில் ஒரு முதுகலை மாணவரிடம் மணிக்கு 100 யுவான் கொடுத்துத் தனிப்பயிற்சி எடுத்தால், அந்தப் பணத்தில் 273 மணி நேரம் கிடைக்கும். இருபது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு பாடவேளையில் ஒருவருக்கு வாய் திறக்கக் கிடைப்பது இரண்டரை நிமிடம். தனிப்பயிற்சியில் பாதி நேரமாவது நீங்கள்தான் பேசுவீர்கள். சீனத்தின் நாலு தொனிகளும் வாயில் படிய வேறு வழி இல்லை. பெய்ஜிங் மாணவர் செலவிடும் அதே 64,150 யுவானுக்கு, குன்மிங் மாணவர் 873 மணி நேரம் படித்திருப்பார்.

மாகாண நகரத்தில் வட்டார வழக்கு காதைக் குழப்பும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் 2020-ல் சீன மக்களில் 80.72 விழுக்காட்டினர் பொதுமொழியைப் பேச வல்லவர்கள் என்று அந்நாட்டு அரசு கணக்கிட்டது. வகுப்பறையிலும் ஆசிரியரிடமும் கேட்பது பொதுமொழியே. உச்சரிப்புத்தான் முக்கியம் என்றால், பேச்சு பொதுமொழிக்கு நெருக்கமாக உள்ள ஹார்பின் போன்ற வடகிழக்கு நகரங்கள் உண்டு, பெய்ஜிங்கைவிடச் செலவும் குறைவு. கடுங்குளிரைத் தாங்கும் உடுப்புக்கு மட்டும் கூடுதல் தொகை ஒதுக்க வேண்டும். பெய்ஜிங்குக்குப் போகக் காரணமே இல்லை என்று சொல்லவரவில்லை. ஆய்வு நூலகமோ குறிப்பிட்ட பேராசிரியரோ தேவைப்படுபவர் அங்கேதான் போக வேண்டும். மொழி மட்டுமே தேவைப்படுபவர், தலைநகரின் வாடகையைக் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை.

பணம் கட்டுவதற்குமுன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று கேள்வி எழுதிக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை பாடவேளை, பருவத்துக்கு எத்தனை வாரம், ஒரு வகுப்பில் எத்தனை பேர். வரும் பதிலை வைத்து உங்கள் மொத்தச் செலவை நீங்களே வகுத்துப் பாருங்கள். பதிலே வராத இடத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள்.